ஓடையைச் சுத்தம் பண்றேன்னு குருக்கத்தியைப் புடுங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல எங்க பக்கத்து ஓடையைத் தூர்வாரி முடிச்ச போட்டோ போட்டிருந்தீங்க. ரெண்டு கரையும் மொட்டை அடிச்ச தலை மாதிரி வழவழன்னு இருந்துச்சு, நடுவுல ஜேசிபி, கீழ "புதர்கள் அகற்றப்பட்டு ஓடை புதுப்பொலிவு பெற்றது"ன்னு ரெண்டு வரி. அந்தப் புதர்ல ஒன்னைப் பத்தித்தான் இந்த லெட்டர். அது புதர் இல்ல ஐயா, குருக்கத்திங்கற கொடி.

நான் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், செடி கொடி எல்லாம் படிச்சவன் கிடையாது. சுகர் வந்ததுக்கு அப்புறம் டாக்டர் தினம் நடங்கன்னு சொல்லிட்டாரு, ரோட்டுல நடந்தா நாய்த் தொல்லை, அதனால மலையடிவாரத்துல அந்த ஓடைக்கரை மேலயே நடந்துட்டு இருக்கேன், ஏழு வருஷம் ஆச்சு. ஐப்பசி கார்த்திகைல முழங்காலுக்குத் தண்ணி போகும், சித்திரைல வெறும் மணல்தான். அந்த மணல் காயற நேரத்துல மேட்டுக்காடு மொத்தமும் இலை உதுத்துட்டு குச்சியா நிக்கும், ஓடைக்கரை மட்டும் பச்சையா இருக்கும், ஏன்னா நீர்மருது, நாவல், புங்கன் எல்லாம் கரையில வேர விட்டு அடித்தண்ணிய உறிஞ்சிட்டு நிக்குது. அந்த மருது மேலதான் இந்தக் கொடி கெடந்துச்சு.

கொடின்னு சொன்னதும் வீட்டு வாசல் முல்லைப் பந்தல நெனச்சுக்காதீங்க. இதோட அடித்தண்டு என் தொடை கனம் இருக்கும், தேர் வடம் பாத்திருப்பீங்கல்ல, அதே முறுக்கு. தரையில கொஞ்ச தூரம் மலைப்பாம்பாட்டம் படுத்துக் கெடந்துட்டு அப்புறம் மருதைச் சுத்தி ஏறி, உச்சிக்குப் போய் வெயிலப் பாத்ததும் அங்க இருந்து பக்கத்து நாவலுக்குத் தாவி, அதுக்கும் அடுத்த மரத்துக்குத் தாவி, எது எந்த மரத்தோட இலைன்னே தெரியாம பின்னி விட்டிருக்கும். இதுக்கு பாகல் பீர்க்கு மாதிரி பத்திக்கிற சுருள் கம்பி எல்லாம் கிடையாது, தண்டே சுத்திச் சுத்தித்தான் ஏறும். எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தான் டவுசர் போட்ட காலத்துல அதுல ஊஞ்சல் ஆடுனதா சொல்லுவாரு, அவருக்கே இப்ப எண்பது தாண்டிடுச்சு.

தை பொறந்து கொஞ்ச நாள்ல பூ எடுக்க ஆரம்பிக்கும். பூ கண்ணுல படுறதுக்கு முன்னாடி வாசம் வந்துடும், மல்லி மாதிரி நெத்தியடி வாசம் இல்ல, லேசா இனிப்பா, காத்து திரும்புனா வரும் திரும்பலன்னா போயிடும். கீழ உதுந்த பூ ஒன்ன எடுத்துப் பாருங்க. அஞ்சு இதழ், வெள்ளையில கொஞ்சம் ரோஸ் ஓடியிருக்கும், இதழ் ஓரம் பூரா பாவாடைக்குக் குஞ்சம் வச்சுத் தச்ச மாதிரி நார் நாரா இருக்கும். அஞ்சுல ஒரே ஒரு இதழ்ல மட்டும் மஞ்சத்தூள் கொட்டுன மாதிரி ஒரு திட்டு. உள்ள மகரந்தக் கம்பி பத்து, ஒம்போது குட்டை, ஒன்னு மட்டும் நெட்டையா வளஞ்சு நீட்டிக்கிட்டு நிக்கும். என் பேத்தி லீவுக்கு வந்தப்போ செல்போனைக் கிட்ட வச்சு போட்டோ எடுத்துப் பெருசு பண்ணி, "தாத்தா, இந்தப் பூவுல சூல் கம்பி லெஃப்ட் சைடு போகுது, இதுல ரைட் சைடு போகுது"ன்னு காமிச்சா. நான் ஏழு வருஷமா பாத்தும் கவனிக்கல. அப்புறம் படிச்சப்போதான் தெரிஞ்சது, கண்ணாடில பாத்தா எப்படி எடம் வலம் மாறித் தெரியுமோ அந்த மாதிரி ரெண்டு தினுசுப் பூ ஒரே கொடியிலயே பூக்குமாம், தேனீ ஒரு பூவுல ஒரு பக்கம் தூளை ஒட்டிக்கிட்டு அடுத்த தினுசுப் பூவுக்குப் போனா அந்தப் பக்கம் சரியா அங்க சூல் முனையில படும், இப்படி மகரந்தம் மாறிப் போறதுக்குன்னே ஒரு ஏற்பாடு. புதர்ல என்னா ஐயா இவ்வளவு வேலைப்பாடு.

இதுக்கு இன்னொரு பேரு மாதவி. ஆமா, அந்த மாதவியேதான், பூம்புகார் ஆடல் மகளுக்கு வச்ச பேரு இந்தக் கொடியோட பேரு. பூதத்தாழ்வார் கடல்மல்லையில, அதாவது இப்ப நாம மாமல்லபுரம்னு சொல்ற ஊர்ல, ஒரு குருக்கத்திப் பூவுலதான் அவதரிச்சாருன்னு வைணவங்க சொல்லுவாங்க. பொய்கையாழ்வாருக்குத் தாமரை, பேயாழ்வாருக்குச் செவ்வல்லி, இவருக்குக் குருக்கத்தி. நாகப்பட்டினம் பக்கம் குருக்கத்தின்னு ஊரே இருக்கு. முல்லைக்கு பாரி தேர் குடுத்தாருன்னு ஸ்கூல்ல எல்லாப் பிள்ளையும் படிக்குது, நல்ல விஷயம், குருக்கத்திக்குத் தேர் வேணாம் ஐயா, ஜேசிபி வராம இருந்தா போதும்.

சரி, அன்னைக்கு நடந்தத சொல்றேன். பங்குனி கடைசி. பூ முடிஞ்சு காய் முத்தி நின்ன நேரம். இதோட காய் விசேஷமா இருக்கும், ஒவ்வொன்னுக்கும் மூணு றெக்கை, நடுவுல ஒன்னு நீளம், ரெண்டு பக்கமும் ரெண்டு குட்டை, காஞ்சு காத்துல உதுந்தா ஹெலிகாப்டர் றெக்கை மாதிரி சுத்திக்கிட்டே இறங்கும். செடி நூல்ல இதோட பேரு ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ், அந்த ஹிப்டேஜுங்கறது கிரேக்கத்துல பறக்கறதுங்கற வார்த்தையில இருந்து வந்ததாம், இந்தக் காயைப் பாத்து வச்ச பேரு. நான் காலைல ஆறரைக்குப் போறேன், ஜேசிபி ஏற்கனவே எறங்கியிருச்சு. பக்கெட்டைக் கொண்டு போய் கொடியோட அடியில குடுத்து ஒரு நெம்பு நெம்புனான் பாருங்க, மருது மரம் உச்சி வரைக்கும் குலுங்குச்சு, மேல இருந்து ஆயிரக்கணக்குல காய் ஒரே நேரத்துல சுத்திக்கிட்டே இறங்குது. டிரைவர் பையன் கூட ஒரு நிமிஷம் கைய எடுத்துட்டு அண்ணாந்து பாத்தான். அப்புறம் மறுபடி நெம்புனான். ரெண்டாவது நெம்புல அறுந்துச்சு. மேல இருந்த கொடி மொத்தமும் வாடி சருகாகறதுக்கு பத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு, தினமும் அதுக்குக் கீழயே நடந்தேன்.

சூப்பர்வைசர்கிட்ட போய்க் கேட்டேன். சின்ன வயசுப் பையன், மரியாதையாத்தான் பேசுனான், அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. "பெரியவரே, எஸ்டிமேட்ல முட்புதர் செடிகொடி அகற்றுதல்னு போட்டிருக்கு, இவ்வளவு மீட்டர்னு போட்டிருக்கு, எது என்ன கொடின்னு எனக்கு எப்படித் தெரியும்"னான். அதுதான் ஐயா விஷயமே. அவனுக்கு எப்படித் தெரியும்? எஸ்டிமேட் போட்டவங்களுக்குத் தெரியல, அளந்தவங்களுக்குத் தெரியல, பில் பாஸ் பண்றவங்களுக்கும் தெரியப் போறதில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா எது போகணுமோ அது போகல. அதே கரையில சீமைக்கருவேலம் ஒரு நூறு அடிக்கு அடர்த்தியா நின்னுச்சு. அதைத் தரை மட்டத்துக்கு வெட்டி, விறகை லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க, அதுக்குக் காசு இருக்கு பாருங்க. வேரு அப்படியே உள்ள. சீமைக்கருவேலத்தை மேல வெட்டுனா கட்டைல இருந்து நாலு கெளைக்கு பதில் நாப்பது கெளை வரும்னு ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். இப்ப வைகாசி, ஒரு கோடை மழைதான் பெஞ்சுச்சு, அதுக்குள்ள இடுப்பு உசரம் வந்துடுச்சு. வேரோட போனது குருக்கத்தி, வேரோட நிக்கறது சீமைக்கருவேலம். மேல நெழல் போட்டுக்கிட்டு இருந்த கொடி போனதுல வெயில் நேரா தரையில விழுது, அந்த இடத்துல வெளிநாட்டுல இருந்து வந்த உண்ணிச்செடி கன்னு பிடிச்சிருக்கு. 2022லேயே தமிழ்நாடு அரசு அயல் செடிகளை ஒழிச்சு காட்டை மீட்டெடுக்கறதுக்குன்னு தனியா ஒரு கொள்கை வெளியிட்டுச்சு, அந்தக் கொள்கை எழுதுனவங்களும் இந்த எஸ்டிமேட் எழுதுனவங்களும் ஒரே அரசாங்கத்து ஆளுங்கதானான்னு சந்தேகம் வருது.

நான் இதை எங்க வாட்ஸ்அப் குரூப்ல புலம்புனேன். உடனே ஒரு தம்பி, நல்லா படிச்ச பையன், "சித்தப்பா நீங்க சொல்ற செடி உலகத்துலயே ரொம்ப மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்கள் லிஸ்ட்ல இருக்கு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாத்தா உண்மைதான். இயற்கையைப் பாதுகாக்கற உலக அமைப்பான ஐயூசிஎன்னோட ஆக்கிரமிப்பு இனங்கள் நிபுணர் குழு 2000ல வெளியிட்ட லிஸ்ட், அதுல நம்ம குருக்கத்தி இருக்கு, உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இருக்கற அதே லிஸ்ட்ல. ரெண்டு நாள் எனக்கு அந்தப் பக்கம் நடக்கவே பிடிக்கல, இத்தனை வருஷம் திருடனுக்கா வக்காலத்து வாங்கிட்டு இருந்தோம்னு. அப்புறம் உக்காந்து பொறுமையா படிச்சேன். அது ஆட்டம் போடுறது மொரீஷியஸ், ரீயூனியன் மாதிரி தீவுகள்ல. பூ அழகா இருக்கேன்னு தோட்டத்துக்குக் கொண்டு போயிருக்காங்க, தோட்டத்த விட்டு காட்டுக்குள்ள போயிடுச்சு, ரீயூனியன்ல மிச்சம் இருக்கற கொஞ்சூண்டு வறண்ட காட்டையும் மூடி அமுக்குது. அங்க அதுக்குப் பட்டாம்பூச்சிக் கொடின்னு பேராம், அந்த றெக்கைக் காயைப் பாத்து வச்சிருப்பாங்க. அங்க இருக்கற மரங்களுக்கு இவ்வளவு கனமான கொடியோட பழக்கம் இல்ல, கொடியைத் தின்னு கட்டுக்குள்ள வைக்கற நம்ம ஊர்ப் பூச்சியும் அதுகூட கப்பல் ஏறல.

இங்க கதை வேற. இங்க இது வந்தேறி இல்ல, நம்ம நாட்டுலேயே மொளச்சது. ஸ்கிப்பர்னு சொல்ற சின்னப் பட்டாம்பூச்சில சில வகை இதோட இலையிலதான் முட்டை வைக்கும், புழு அந்த இலையைத் தின்னுதான் வளரும். இதைத் தாங்கிப் பழகுன மரங்க இருக்கு. ஒரு எடத்துல ரவுடியா திரியறவன் சொந்த ஊர்ல ஒழுங்கா பொழப்பப் பாக்கறான்னா சொந்த ஊர்ல அவனை அடக்க அப்பா அம்மா பங்காளி எல்லாம் இருக்காங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல ரவுடித்தனம் பண்றது அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த சீமைக்கருவேலம், அங்க அதுவும் சாதுவாத்தான் இருந்திருக்கும்.

அந்தத் தம்பிகிட்ட இதைச் சொன்னேன், ஒத்துக்கிட்டான், ஆனா "இருந்தாலும் மரத்த அமுக்கும்ல சித்தப்பா"ன்னான். அமுக்கும். பொய் சொல்ல மாட்டேன். எளசான ஒத்தை மரத்து மேல ஏறுனா மரம் திணறும், காத்தடிச்சா கொடியோட சேந்து கெளை முறிஞ்சு விழறதும் உண்டு. அதனாலதான் வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே தேக்கு மாதிரி மரம் வளக்கற காட்டுல கொடி வெட்டறதுக்குன்னு தனியா ஒரு வேலையே திட்டத்துல எழுதி வச்சிருந்தாங்க, மரத்துக்குக் கொடி சுத்துனா கட்டை வளைஞ்சு போகும், விலை போகாது. அந்தக் கணக்கு மர வியாபாரத்துக்கு சரி. ஓடைக்கரையில யாரு ஐயா மரம் அறுத்து விக்கப் போறா?

ஓடைக்கரைக் காட்டுக்கு வேற கணக்கு. மரத்துக்கு மரம் மேலயே ரோடு வேணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல சாம்பல் நிற அணிலுக்குன்னே 1988ல சரணாலயம் அமைச்சாங்க, இப்ப அது 2021ல வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேந்துடுச்சு. பூனை சைஸ் இருக்கற அந்த அணில் தரையில எறங்க விரும்பாது, ஆத்தோரம் ஓடையோரம் இருக்கற மரங்கள்ல கெளைக்குக் கெளை தாவித்தான் போகும், மர உச்சி ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிட்டு இல்லன்னா அதுக்குப் பொழப்பு இல்ல. இப்படிப் பெரிய கொடிங்கதான் ரெண்டு மரத்துக்கு நடுவுல பாலம். எங்க ஓடையில அந்த அணில் இல்ல, நான் பாத்ததில்ல, மந்தி உண்டு. கொடி போனதுக்கு அப்புறம் மருதுல இருந்து நாவலுக்குப் போக தரையில எறங்கித்தான் போகுது, எறங்குனா நாய் தொரத்துது. பாலத்தை இடிச்சுட்டு பயணிங்க ஏன் ரோட்ட கிராஸ் பண்றாங்கன்னு கேக்கற மாதிரி, முப்பது வருஷம் பஸ்ல சீட்டு கிழிச்சவன், எனக்குத் தோணுற உதாரணம் இதுதான்.

கரைய விட்டுட்டேன் பாருங்க. அந்தக் கொடி தரையில படுத்துக் கெடந்த இடத்துல எல்லாம் வேர் விட்டு மண்ணைப் புடிச்சு வச்சிருந்துச்சு. இப்ப அந்த இடத்துல ஒரு ஆள் எறங்கற அளவுக்குப் பள்ளம். இந்தக் கோடை மழைக்கே பள்ளத்தோட வாய் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. ஐப்பசி வரட்டும், அங்கிருந்து சரியற மண்ணு இப்பத் தூர்வாருன அதே ஓடையிலதான் போய் உக்காரப் போகுது, அடுத்த வருஷத்துக்கு இன்னொரு எஸ்டிமேட்.

நானும் சும்மா இருக்கல. குருக்கத்தி கன்னு வாங்கி நடலாம்னு டவுன்ல ஒரு நர்சரிக்குப் போனேன். குருக்கத்தின்னா முழிச்சாங்க. மாதவின்னு சொன்னதும் "ஓ இருக்கே சார்"னு ஒரு கவர் செடியை எடுத்துக் குடுத்தாங்க. சந்தோஷமா கொண்டு வந்து நட்டேன், ஒரே மாசத்துல பூத்துச்சு, பாத்தா இரங்கூன் மல்லி. அதுவும் அழகுதான், கொறை சொல்லல, வெள்ளையா விரிஞ்சு ரோஸாகி செவப்பாகும், தெருவுக்கு நாலு வீட்டு கேட்ல தொங்குது. ஆனா அது வேற குடும்பம். அதுக்கு விரல் நீளத்துக்குக் குழல் மாதிரி காம்பு இருக்கும், இதழ் ஓரம் மழுமழுன்னு இருக்கும். இதழ்ல குஞ்சமும் ஒரு இதழ்ல மட்டும் மஞ்சத் திட்டும் இருந்தாத்தான் குருக்கத்தி, காய்க்கு மூணு றெக்கை இருந்தா அப்பறம் சந்தேகமே வேணாம். இதை ஒரு தகவலா உங்க பேப்பர்ல போட்டாலே புண்ணியம், ஏன்னா மாதவின்னு சொல்லி இரங்கூன் மல்லியை நட்டுட்டு சந்தோஷமா இருக்கற ஆளு நான் ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டேன்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு 2022ல ஆரம்பிச்சு மாநிலத்தோட பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டு போறோம்னு சொல்லிருக்காங்க. மரக்கன்னு வளக்கறாங்க, நல்லது. அந்த நர்சரிகள்ல ஒரு மூலையில கொடிக்கும் நாலு பாத்தி ஒதுக்குங்கன்னு கேக்கறேன். ஒன்னும் கம்ப சூத்திரம் இல்ல. அன்னைக்கு ஜேசிபி உலுக்குனப்போ கீழ விழுந்த காயில ஒரு துண்டு நெறைய பொறுக்கிட்டு வந்தேன், றெக்கையைக் கிள்ளிட்டு மணலும் மக்குன எருவும் கலந்து பழைய பெயின்ட் டப்பால போட்டேன், எல்லாம் வரல, பாதிக்கும் கீழதான் வந்துச்சு, வந்தது இப்ப நாலஞ்சு இலையோட நிக்குது. கொழுந்து வரும்போது செம்பு கலர்ல பளபளன்னு வரும், அப்புறந்தான் பச்சையாகும். தரையில கெடக்கற கொடியை வளச்சு பதியம் போட்டாலும் வேர் விடும். ஒன்னே ஒன்னு, வீட்டு காம்பவுண்ட்ல நட வேணாம், பூவைப் பாத்து ஆசைப்பட்டு நட்டுட்டு அப்புறம் ஓடு பேக்குது, கரண்ட் வயர்ல ஏறுதுன்னு அதே ஜேசிபியக் கூப்புடாதீங்க. இது ஓடைக்கரைக்கு, கோயில் காட்டுக்கு, பெரிய மரம் நிக்கற எடத்துக்கு.

கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல ஐயா. தூர்வார்ற எஸ்டிமேட்ல "புதர்"னு ஒத்த வார்த்தையில முடிக்காம, எதை எடுக்கணும்னு பேரு போட்டு எழுதட்டும், சீமைக்கருவேலம், உண்ணிச்செடின்னு. எடுக்கறதை வேரோட எடுக்கட்டும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் வனத்துறைல இருந்தோ காலேஜ் தாவரவியல் டிபார்ட்மென்ட்ல இருந்தோ ஒருத்தர் வந்து நடந்து பாத்து, விட வேண்டியதுக்கு எல்லாம் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுட்டுப் போகட்டும், அரை நாள் வேலை. யாரும் வரலன்னா நான் வர்றேன், எப்படியும் காலைல ஆறரைக்கு அங்கதான் இருப்பேன்.

நேத்து அந்தப் பள்ளத்துல எறங்கிப் பாத்தேன். அறுந்த வேர்ல ஒரு துண்டு மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, அதுல மூணு கொழுந்து, அதே செம்பு கலர். சுத்தி நாலு கல்லு வச்சுட்டு வந்திருக்கேன். மேல் ஓடையில மிச்சம் இருக்கற வேலைக்கு அடுத்த வாரம் மறுபடி வண்டி வருதாம், இதே கரை வழியாத்தான் போகணுமாம். அதுக்குள்ள முடிஞ்சா இந்த லெட்டரைப் போட்டுருங்க ஐயா.

இப்படிக்கு,
ரிட்டையர்டு கண்டக்டர் ஒருத்தர்